சிங்கப்பூர் சைட்டில் அடிபட்டால்: இழப்பீட்டைக் கைநழுவ விடும் தவறுகள்

சாரத்திலிருந்து விழுந்தவரையும், கம்பிக்கட்டு சரிந்து விரல் நசுங்கியவரையும் ஆம்புலன்ஸுக்குப் பதிலாகக் கம்பெனி பிக்கப்பிலேயே ஏற்றிக்கொண்டு போவது சிங்கப்பூர் சைட்களில் நடக்கிற விஷயம்தான். அந்த வண்டிக்குள் ஒரு பேச்சு ஓடும். "தம்பி, டாக்டர் கேட்டா ரூம்ல பாத்ரூம்ல வழுக்கி விழுந்தேன்னு சொல்லிடு. செலவெல்லாம் கம்பெனி பாத்துக்கும். சைட்டுன்னு சொன்னா எம்ஓஎம் வரும், வேலைய நிறுத்துவாங்க, எல்லாருக்கும் கஷ்டம்." எம்ஓஎம் என்றால் சிங்கப்பூர் மனிதவள அமைச்சு. இப்படிச் சொல்பவர் நம்ம ஊர்க்கார சூப்பர்வைசராக இருந்தால் மறுத்துப் பேச வாய் வராது. ஏஜென்ட்டுக்குக் கொடுக்க வாங்கிய கடனுக்கு ஊரில் வட்டி ஏறிக்கொண்டிருக்கும்போது தலையாட்டிவிடத்தான் தோன்றும்.

இழப்பீட்டு விஷயத்தில் இதைவிடப் பெரிய தவறு வேறில்லை என்பேன். மருத்துவமனையில் முதல் நாள் எழுதப்படும் குறிப்புதான் பின்னால் எல்லோரும் எடுத்துப் பார்க்கும் முதல் காகிதம். அதில் "ரூமில் விழுந்தார்" என்று இருந்தால், மூன்று மாதம் கழித்து "இல்லை, சைட்டில்தான் விழுந்தேன்" என்று சொல்லும்போது, பேச்சை ஏன் மாற்றுகிறாய் என்ற கேள்விதான் முதலில் வரும். வேலையில் பட்ட அடிக்கு ஒரு காப்பீடு, மற்ற நோய்க்கும் விபத்துக்கும் வேறொரு காப்பீடு. பொய் சொன்னால் சிகிச்சை மட்டும் நடக்கும். எம்சி (டாக்டர் எழுதித் தரும் மருத்துவ விடுப்பு) நாட்களின் சம்பளமும் நிரந்தர ஊனத்துக்கான தொகையும் கேள்விக்குறியாகிவிடும்.

அதனால் டாக்டரிடம் மூன்று விஷயத்தைச் சொல்ல வேண்டும்: எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, என்ன வேலை செய்யும்போது. மொழி வரவில்லை என்றால் தமிழ் தெரிந்த நர்ஸையோ ஊழியரையோ கூப்பிடச் சொல்லலாம். கூட வந்த சூப்பர்வைசரையே மொழிபெயர்க்க விடக் கூடாது. ஏற்கெனவே மாற்றிச் சொல்லிவிட்டீர்களா? சரி, அடுத்த முறை போகும்போது உண்மையைச் சொல்லி, அதை எழுதிக்கொள்ளுங்கள் என்று டாக்டரிடம் கேளுங்கள். தாமதமானாலும் சொல்லாமல் விடுவதைவிட அது மேல்.

"ஹெல்மெட் போடாதது என் தப்புதானே, பணம் எப்படித் தருவார்கள்?" என்று நினைத்து ஒதுங்கிப் போகிறவர்களும் உண்டு. வேலைக் காய இழப்பீட்டுச் சட்டத்தில் (விக்கா என்பார்கள்) யார் தவறு என்ற கேள்வியே கிடையாது. வேலை செய்யும்போது, வேலையின் காரணமாக அடிபட்டால் போதும். குடிபோதை, போதைப்பொருள், வேண்டுமென்றே தனக்குத்தானே செய்துகொண்ட காயம், அடிதடி போன்ற சில விலக்குகள்தான். கவனக்குறைவு அந்தப் பட்டியலில் இல்லை. கம்பெனி ஏற்பாடு செய்த லாரியில் சைட்டுக்குப் போகும்போதோ திரும்பும்போதோ நடந்த விபத்தும் இதில் சேரும். சம்பளம் எவ்வளவாக இருந்தாலும், உடல் உழைப்பு வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் முதலாளி காப்பீடு எடுத்தே ஆக வேண்டும். இழப்பீட்டை அந்தக் காப்பீடு தருகிறது. முதலாளி மனசு வைத்துத் தரும் தர்மம் என்று அதை நினைக்க வேண்டாம்.

எம்சி விஷயத்துக்கு வருவோம். எலும்பு முறிந்தவருக்கு இரண்டு நாள் எம்சி, அப்புறம் லைட் டியூட்டி (பளு இல்லாத வேலை) என்று எழுதித் தரும் கிளினிக்குகள் பற்றிய புகார் அங்கே பழையது. கை எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஒரு கட்டுமானத் தொழிலாளிக்கு அப்படி இரண்டே நாள் விடுப்பு கொடுத்த மருத்துவரை, 2016இல் சிங்கப்பூர் உயர்நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் 6 மாதம் தொழில் செய்ய முடியாமல் நிறுத்திவைத்தார்கள். கம்பெனி காட்டும் கிளினிக்கில் கிடைத்த எம்சி உங்கள் வலிக்குப் பொருந்தவில்லை என்றால், அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போகலாம். ஒரே கிளினிக்கோடு கட்டிப்போட்டுக்கொள்ள வேண்டியதில்லை.

எம்சியில் இருக்கும் நாட்களுக்குச் சம்பளம் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. மருத்துவமனையில் படுக்காத விடுப்பு என்றால் முதல் 14 நாள் முழுச் சம்பளம், மருத்துவமனை விடுப்பு என்றால் 60 நாள் வரை முழுச் சம்பளம். அதற்குமேல் மூன்றில் இரண்டு பங்கு. விபத்து நடந்த நாளிலிருந்து ஒரு வருடம் வரை இது ஓடும். 2020 செப்டம்பர் 1 முதல் லைட் டியூட்டி நாட்களும் இந்தக் கணக்கில் வருகின்றன. வழக்கமான சம்பள நாளிலேயே இது கைக்கு வர வேண்டும். வழக்கு முடிந்ததும் மொத்தமாகத் தருகிறேன் என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது, முழுச் சம்பளம் என்றால் அடிப்படைச் சம்பளம் மட்டுமில்லை. முந்தைய 12 மாதங்களில் வாங்கியதன் சராசரி அது, ஓவர்டைமும் அதில் சேரும். அடிப்படை 600 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), ஓவர்டைமோடு சேர்த்து மாதம் 1,000 வெள்ளி வாங்கியவருக்கு 600ஐ வைத்துக் கணக்குப் போட்டால் எவ்வளவு போய்விடும் என்று பாருங்கள். நிரந்தர ஊனத்துக்கான தொகையும் இதே சராசரியைத்தான் பிடித்துக்கொண்டு போகிறது. எனவே பே ஸ்லிப், டைம் கார்டு, சம்பளம் வந்த வங்கிக் கணக்கு விவரம் எல்லாவற்றையும் மாதாமாதம் போனில் படம் எடுத்து, ஊரில் மனைவிக்கோ அண்ணனுக்கோ வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். அடிபட்டதும் சில கம்பெனிகள் டோர்மிலிருந்து (தொழிலாளர் விடுதியிலிருந்து) சாமான்களைக் காலி செய்யும்போது முதலில் காணாமல் போவது இந்தத் தாள்கள்தான்.

அதே போனில் இன்னும் சிலதையும் வைத்துக்கொள்ளுங்கள்: விழுந்த இடம், சைட் வாசலில் மெயின் கான்ட்ராக்டர் பெயர் இருக்கும் பலகை, வொர்க் பெர்மிட்டின் இரண்டு பக்கம், சூப்பர்வைசர் அனுப்பிய குரல் செய்திகள். பார்த்த சக தொழிலாளியின் சிங்கப்பூர் நம்பரோடு அவருடைய ஊர் நம்பரையும் வாங்குங்கள். வங்காளதேசத்துக்காரரோ ஆந்திராக்காரரோ, ஆறு மாதத்தில் கம்பெனி மாறி சிம்மும் மாற்றிவிட்டால் தேடிப் பிடிக்க முடியாது.

முதலாளிக்கு விபத்து தெரிந்த 10 நாளுக்குள் அவர் மனிதவள அமைச்சுக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு நாள் எம்சியோ லைட் டியூட்டியோ கொடுத்திருந்தாலும் தெரிவித்தாக வேண்டும். அவர் தெரிவிக்கவில்லை என்று நீங்கள் காத்திருக்கத் தேவையில்லை, தொழிலாளியே அமைச்சிடம் நேரடியாகச் சொல்லலாம். இழப்பீடு கோர விபத்து நடந்த நாளிலிருந்து ஒரு வருடம்தான் கெடு. "பார்த்துக்கலாம், பார்த்துக்கலாம்" என்று கம்பெனி இழுப்பதில் ஓடுவது உங்கள் நாட்கள்.

ஆங்கிலத்தில் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டால், படம் எடுத்து யாரிடமாவது படித்துக் கேட்காமல் போடாதீர்கள். "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று எழுதி வாங்கியிருந்தாலும், சட்டம் தந்த உரிமையை அப்படி எழுதிக் கொடுத்துவிட முடியாது, அந்த ஒப்பந்தம் செல்லாது. ஆகவே ஏற்கெனவே கையெழுத்துப் போட்டவர்களும் மனம் தளராமல் போய்க் கேட்க வேண்டும்.

அடுத்து, டிக்கெட். காயம் ஆறும் முன் "ஊருக்குப் போய் ரெஸ்ட் எடு, சரியானதும் திரும்ப எடுத்துக்கிறோம்" என்று விமான டிக்கெட்டைக் கையில் கொடுப்பார்கள். போய்விட்டால் தொடர் சிகிச்சை அறுந்துவிடும், நிரந்தர ஊனம் எத்தனை சதவீதம் என்று சிங்கப்பூர் டாக்டர் மதிப்பிடுவதும் சிக்கலாகிவிடும். அந்தச் சதவீதம்தான் பணம். 2025 நவம்பர் 1 முதல் நடந்த விபத்துகளுக்கு, முழு நிரந்தர ஊனத்தின் குறைந்தபட்சத் தொகை 1,16,000 வெள்ளி, அதிகபட்சம் 3,46,000 வெள்ளி. 5 சதவீத ஊனம் என்று முடிவானால்கூடக் குறைந்தது 5,800 வெள்ளி வர வேண்டும். மருத்துவச் செலவு 53,000 வெள்ளி வரை அல்லது விபத்திலிருந்து ஒரு வருடம், எது முதலில் முடிகிறதோ அதுவரை. இதையெல்லாம் ஒரு டிக்கெட்டுக்கு விட்டுக்கொடுத்து வந்தவர்கள் நம் கிராமங்களில் இருக்கிறார்கள்.

வொர்க் பெர்மிட்டை ரத்து செய்துவிட்டார்கள் என்பதால் கோரிக்கை சாகாது. ஸ்பெஷல் பாஸில் (தற்காலிகமாகத் தங்க அரசு தரும் அனுமதியில்) தங்கியிருக்கும் காலத்திலும் சாப்பாடு, தங்குமிடம், சிகிச்சை முதலாளி பொறுப்பு. அந்தக் காலத்தில் அனுமதியில்லாமல் பக்கத்துச் சைட்டில் கூலிக்குப் போகாதீர்கள். அது சட்டத்துக்கும் விரோதம், காயம் பொய் என்று காட்டவும் அதையே பயன்படுத்துவார்கள். ஸ்கேனுக்கோ அறுவைக்கோ செலவை ஏற்கிறோம் என்ற உத்தரவாதக் கடிதத்தைக் கம்பெனி தர மறுத்தால் அதை உடனே அமைச்சிடம் சொல்லுங்கள்.

வக்கீல் விஷயத்தில் அவசரப்படாதீர்கள். விக்கா கோரிக்கைக்கு வக்கீலே தேவையில்லை. லிட்டில் இந்தியாவில் சாப்பாடு வாங்கிக் கொடுத்து, தங்க இடம் காட்டி, "நம்ம வக்கீலிடம் வா, பெரிய தொகை வாங்கித் தருகிறேன்" என்று யாராவது அழைத்தால் அவருக்கு அதில் என்ன கிடைக்கிறது என்று யோசியுங்கள். முதலாளியின் அலட்சியத்தை நிரூபிக்க முடியும் என்றால் நீதிமன்றத்தில் தனி வழக்குப் போடும் வழி உண்டு. அதற்கு 3 வருடம் கெடு, வலிக்கும் வருங்கால வருமான இழப்புக்கும் சேர்த்துக் கேட்கலாம். ஆனால் தோற்றால் கையில் ஒன்றும் மிஞ்சாது, செலவும் தலையில் விழும். இரண்டு வழியிலும் பணம் வாங்க முடியாது, ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். விக்கா தொகை முடிவாகிவிட்டால் நீதிமன்ற வழி அடைபட்டுவிடும். தொகை கணக்கிட்ட நோட்டீஸ் வந்ததும் ஆட்சேபிக்க இருப்பது 14 நாள்தான். கை கால் இழந்த அளவுக்குப் பெரிய காயம், முதலாளியின் தவறுக்குத் தெளிவான ஆதாரம் இரண்டும் இருந்தால் அந்த நோட்டீஸ் வருவதற்குள் ஒரு நல்ல வக்கீலிடம் கேட்டுவிடுங்கள். மற்றவர்களுக்கு விக்காதான் பாதுகாப்பான வழி என்பது என் கருத்து.

இலவசமாக வழி சொல்ல டிடபிள்யூசி2, ஹோம், ஹெல்த்சர்வ் போன்ற அமைப்புகள் இருக்கின்றன. வெளிநாட்டுத் தொழிலாளர் நிலையத்தின் 6536 2692 என்ற எண்ணில் 24 மணி நேரமும் ஆள் எடுப்பார்கள். ஊரில் இருக்கும் குடும்பமும் இந்த எண்ணைக் குறித்துவைத்துக்கொள்ளட்டும். வேலையில் உயிரே போய்விட்டால் குறைந்தது 91,000 வெள்ளி, அதிகபட்சம் 2,69,000 வெள்ளி அவரை நம்பியிருந்தவர்களுக்குச் சேர வேண்டும். உடலை அனுப்பிவைத்ததோடு கம்பெனி ஒதுங்கிக்கொண்டால், கேட்க வேண்டியவர்கள் ஊரில் இருக்கும் மனைவியும் பெற்றோரும்தான். அவர்களுக்கும் ஒரு வருடம்தான் கெடு.