பாவு நூலுக்கு ஸ்டார்ச்சை நாமே மாடிஃபை செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மும்பை அருகே பிவண்டியில், பாவு நூலுக்கு (தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்) கஞ்சி ஏற்றும் சைசிங் யூனிட்களில் இருக்கும் நம்ம ஆட்கள் அடிக்கடி கேட்பது: மாடிஃபை செய்தே விற்கும் தயார் மாவு கட்டுப்படியாகவில்லை, மக்காச்சோள மாவோ சேலத்து மரவள்ளி மாவோ வாங்கி நாமே ஹைப்போகுளோரைட் (குளோரின் ப்ளீச் திரவம்) போட்டு, கஞ்சி மெலிதாக ஓடும்படி ஆக்சிடைஸ் செய்துகொள்ளலாமா? செய்யலாம். ஆனால் எவ்வளவு கெமிக்கல் என்று மட்டும் கேட்டுவிட்டு, எப்போது நிறுத்துவது, எவ்வளவு கழுவுவது என்பதைக் கேட்காமல் போய்விடுகிறார்கள். தறியில் பாவு அறுந்து தொங்குவதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

கேனில் ஒட்டியிருக்கும் சதவீதத்தை நம்பி ஹைப்போகுளோரைட்டை அளக்காதீர்கள். வெயிலில் கிடக்கக் கிடக்க அதன் குளோரின் குறைந்துகொண்டே போகும், அதனால் ஒவ்வொரு முறையும் தயோசல்பேட் கரைசல் வைத்து டைட்ரேஷன் செய்து, எவ்வளவு குளோரின் இருக்கிறது என்று அளந்துவிட்டே ஊற்றுங்கள். மாவின் ஈரமும் அப்படித்தான், மும்பை மழையில் மூட்டை ஈரம் இழுத்துக்கொள்ளும், ஆகவே கணக்கு எப்போதும் உலர்ந்த எடைக்கு.

காரத்தைப் பிடித்து வைக்கப் போடும் காஸ்டிக் சோடாவை நீர்க்கக் கரைத்து, கலக்கிக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். ஒரே இடத்தில் கொட்டினால் அங்கே மட்டும் மாவு உப்பிக் கட்டிபிடித்துவிடும், அந்தக் கட்டி பிறகு எதற்கும் கரையாது. வினை நடக்க நடக்க அமிலம் உண்டாகி பிஎச் (அமில-கார அளவு) இறங்கும், சூடும் ஏறும். பிஎச் 8 முதல் 10 வரை, வெப்பம் 40 டிகிரிக்குள் என்று பிடித்து வைத்திருங்கள்.

இனி சொல்வதில் அலட்சியம் வேண்டவே வேண்டாம். வினை முடிந்ததும் முதலில் சோடியம் பைசல்பைட் போட்டு மிச்சக் குளோரினைக் கொல்லுங்கள், அதற்கு அப்புறம்தான் காஸ்டிக்கை முறிக்க அமிலம். வரிசையை மாற்றினால் குளோரின் வாயு கிளம்பும், மூடிய ஷெட்டில் அது ஆளையே கொல்லும். குளோரின் போய்விட்டதா என்று பார்க்க, ஒரு ஸ்பூன் கரைசலில் அசிட்டிக் அமிலம் இரண்டு சொட்டு, பொட்டாசியம் அயோடைடு இரண்டு சொட்டு விடுங்கள். நீலம் வந்தால் இன்னும் பைசல்பைட் வேண்டும். அப்புறம் கழுவுங்கள், நன்றாகக் கழுவுங்கள். உப்பு மிஞ்சினால் ஜூலை மாதத்தில் பீம் (பாவு சுற்றிய உருளை) பிசுபிசுக்கும், அமிலம் மிஞ்சினால் உலர்த்தும் சிலிண்டரின் சூட்டில் பருத்தி நூலே இற்றுப்போகும்.

அமிலத்தில் மெலிதாக்கிய மாவும் ஆக்சிடைஸ் செய்ததும் ஒன்று என்று நினைக்காதீர்கள். சூட்டில் இரண்டும் தண்ணீர் போல ஓடும். மெஷின் நின்று சைஸ் பாக்ஸ் (கஞ்சித் தொட்டி) ஆறினால், அமில மாவு அல்வா மாதிரி இறுகிவிடும், ஆக்சிடைஸ் செய்தது அவ்வளவு இறுகாது.

மெலிய மெலிய நல்லது என்பதும் சரியில்லை. ரொம்ப மெலிந்தால் கஞ்சி நூலுக்குள்ளேயே இறங்கிப் போய் மேலே படலம் நிற்காது, மயிர் எழும்பும். கெட்டியானால் மேலேயே ஒட்டி நின்று தறியில் தூளாக உதிரும். இரண்டுக்கும் நடுவே உங்கள் நூல் நம்பருக்கு (நூலின் தடிமன் அளவு) எது சரி என்பதை, ஒவ்வொரு லாட்டையும் ஒரே வெப்பத்தில் கப் விஸ்காசிட்டி (ஓட்டைக் கப்பிலிருந்து கஞ்சி ஒழுகி முடிய ஆகும் நேரம்) பார்த்து எழுதி வைத்தால்தான் பிடிபடும். பாலியஸ்டர் கலந்த நூல் என்றால் ஸ்டார்ச் மட்டும் பிடிக்காது, பிவிஏ (பாலிவினைல் ஆல்கஹால்) போன்ற ஒட்டும் பொருள் சேர்த்துத்தான் ஓட்ட வேண்டும்.