ஆன்ட்டிலோப் கேன்யனை நவாஹோ வழிகாட்டியுடன் சுற்றிப் பார்ப்பது எப்படி? முதன்முறை செல்வோருக்கான செய்முறை விளக்கம்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், பேஜ் என்னும் சிற்றூரை ஒட்டி அமைந்துள்ள ஆன்ட்டிலோப் கேன்யன், ஜுராசிக் காலத்து மணல்மேடுகள் இறுகி உருவான மணற்கல்லை மழைவெள்ளம் அறுத்து அறுத்து உண்டாக்கிய குறுகலான பள்ளத்தாக்கு ஆகும். நிலம் நவாஹோ என்னும் அமெரிக்கப் பழங்குடி மக்களுக்குச் சொந்தமானது என்பதால், அவர்களுடைய அரசின் அனுமதி பெற்ற வழிகாட்டி இல்லாமல் எவரும் உள்ளே செல்ல இயலாது.

1. எந்தப் பகுதி என்று முடிவு செய்யுங்கள்

அப்பர், லோயர் என இரு பகுதிகள் தனித்தனிச் சுற்றுலாக்களாக நடத்தப்படுகின்றன. அப்பர் பகுதியின் தரை அகலமாகவும் சமமாகவும் இருக்கும். வழிகாட்டியின் வண்டியே மணற்பாதை வழியாக அதன் வாயில்வரை அழைத்துச் செல்லும். லோயர் பகுதியில் செங்குத்தான இரும்புப் படிகளில் இறங்கி, சில இடங்களில் பக்கவாட்டில் திரும்பி நடக்க வேண்டியிருக்கும் என்பதால், முழங்கால் வலி உள்ள பெற்றோருடன் செல்வோர் அதைத் தவிர்ப்பது நல்லது. படங்களில் காணும் ஒளிக்கற்றை பெரும்பாலும் அப்பர் பகுதிக்குரியது. அதுவும் மார்ச் பிற்பகுதி முதல் அக்டோபர் தொடக்கம் வரை, நண்பகலை ஒட்டி மட்டுமே தெரியும். டிசம்பரில் செல்பவர் அதற்காகக் கூடுதல் கட்டணம் செலுத்துவது வீண் என்பது என் கருத்து.

2. முன்பதிவு செய்யுங்கள்

நவாஹோ பூங்காத் துறையின் இணையதளத்தில் அனுமதி பெற்ற நிறுவனங்களின் பட்டியல் உள்ளது; அவற்றில் ஒன்றிடம் நேரடியாகப் பதிவு செய்யலாம். காட்டப்படும் விலையில் பூங்கா அனுமதிக் கட்டணம் சேர்ந்துள்ளதா என்று பாருங்கள். அமெரிக்கத் தேசியப் பூங்காக்களுக்கான ஆண்டு அட்டை இங்கே செல்லாது.

3. கடிகாரத்தைச் சரிபாருங்கள்

புதிதாக வருவோர் பலர் தடுமாறும் இடம் இதுதான். கோடைக்காலத்தில் நவாஹோ நிலப்பகுதி கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தி வைக்கிறது. அரிசோனாவின் மற்ற பகுதிகளில் அந்த வழக்கம் இல்லை. கேன்யன் நவாஹோ நிலத்தில் இருந்தபோதிலும், சுற்றுலாக்கள் பேஜ் ஊரின் நேரப்படியே, அதாவது அரிசோனாவின் தலைநகரான பீனிக்ஸின் நேரப்படியே புறப்படுகின்றன. எல்லையோரத்தில் கைபேசி எந்தக் கோபுரத்தைப் பிடிக்கிறதோ அதற்கேற்ப நேரத்தை மாற்றிக் காட்டக்கூடும் என்பதால், தானியங்கி நேரத்தை அணைத்துவிட்டு, பீனிக்ஸ் நேரத்தை நீங்களே அமைத்துக்கொள்ளுங்கள்.

4. கொண்டு செல்ல வேண்டியவை

கைப்பை, முதுகுப்பை, கேமரா முக்காலி, செல்ஃபி ஸ்டிக் ஆகியவற்றுக்கு அனுமதி இல்லை. ட்ரோன் பறக்கவிடவும் கூடாது. தண்ணீர் பாட்டில், கைபேசி அல்லது கேமரா, மூடிய காலணி ஆகியவை போதும். மேலிருந்து மாவுபோல் மணல் உதிர்ந்துகொண்டே இருக்கும் என்பதால், உள்ளே லென்ஸைக் கழற்றி மாற்ற வேண்டாம்.

5. உள்ளே நடக்கும்போது

குழு நகரும் வேகத்திலேயே நீங்களும் நகருங்கள். பாறையில் பெயர் கீறுவதும் ஏறுவதும் அறவே கூடாது. கைபேசிக் கேமராவின் வெண்சமநிலையை (ஒயிட் பேலன்ஸ்) 'மேகமூட்டம்' என்று மாற்றினால் சுவரின் செம்மஞ்சள் நிறம் எடுப்பாகப் பதியும். கேட்டால் பல வழிகாட்டிகள் தாங்களே கைபேசியை வாங்கிச் சரிசெய்து கொடுப்பார்கள். வழிகாட்டியைப் படம் எடுக்க விரும்பினால் முதலில் அனுமதி கேளுங்கள். தலைக்கு மேலே பாறை இடுக்கில் மரக்கட்டை சிக்கியிருப்பதைக் கண்டால் சற்று நின்று பாருங்கள்: வெள்ளம் அந்த உயரம்வரை வந்ததற்கு அதுவே சாட்சி.

1997 ஆகஸ்ட் 12 அன்று, பல மைல் தொலைவில் பெய்த மழையின் வெள்ளம் லோயர் பகுதிக்குள் பாய்ந்து 11 பயணிகள் உயிரிழந்தனர். அதன் பிறகே பாறையில் பொருத்திய உறுதியான படிகளும் வானிலைக் கண்காணிப்பும் வந்தன. ஆகவே, ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான மழைப் பருவத்தில், தலைக்கு மேல் வானம் பளிச்சென்று இருக்கும்போதே சுற்றுலாவை ரத்து செய்தால் வழிகாட்டியிடம் வாதாட வேண்டாம். மாற்று நாள் ஒன்றைத் திட்டத்தில் ஒதுக்கி வைப்பதே அறிவுடைமை.

6. முடித்த பின்

வழிகாட்டிக்கு டிப்ஸ் கொடுப்பது அங்கே வழக்கம். சில்லறை நோட்டுகள் கையில் இருக்கட்டும். அங்கிருந்து, நவாஹோ நிலத்திலேயே உள்ள மற்றொரு சுற்றுலாத் தலமான மான்யுமென்ட் வேலிக்குச் செல்பவர்கள் 17 மைல் மண்பாதையில் தாங்களே காரோட்டிப் பார்க்கலாம்; அதற்கு அப்பாலுள்ள உட்பகுதிகளுக்கு நவாஹோ வழிகாட்டி கட்டாயம் தேவை. அங்கே நவாஹோ நேரமே பின்பற்றப்படுவதால், கோடையில் கடிகாரத்தைப் பீனிக்ஸ் நேரத்திலிருந்து ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வையுங்கள்.