டபிள்யூடிஎம் 7 இன்ஜினை இனங்காண்பது எப்படி: கடலூர் நடைமேடையிலிருந்து ஒரு செய்முறை விளக்கம்

வாரணாசி டீசல் இன்ஜின் தொழிற்சாலையில் 1987 முதல் 1989 வரை கட்டப்பட்ட டபிள்யூடிஎம் 7 இன்ஜின்கள் மொத்தமே 15 தான். கிளைப் பாதைகளுக்கென 2000 குதிரைத்திறனில் உருவான இவை, பின்னாளில் சென்னை தண்டையார்பேட்டை ஷெட்டை (இன்ஜின் பராமரிப்புக் கூடம்) சேர்ந்து பெரும்பாலும் ஷண்டிங் (பெட்டிகளை இடம் மாற்றிச் சேர்க்கும்) வேலையிலேயே காலம் கழித்தன. இவற்றை இனங்காண விரும்புபவர் முதலில் அமெரிக்காவின் ஆல்கோ நிறுவன வடிவமைப்பில் உருவான சாதாரண இன்ஜின்களிடம் பாடம் படிக்க வேண்டும் என்பது என் கருத்து. மின்மயமான பாதையில் எப்போதாவது டீசல் வண்டி வரும் கடலூரின் திருப்பாதிரிப்புலியூர் நிலையமே அதற்குப் போதும்.

படி 1: பெயரைப் படியுங்கள். டபிள்யூ என்பது 1676 மி.மீ. அகலப் பாதையையும், டி என்பது டீசலையும், எம் என்பது பயணிகள் வண்டி, சரக்கு வண்டி இரண்டையும் இழுக்கும் வகையையும் குறிக்கும். மீட்டர் கேஜ் நாள்களில் கடலூர் வழியாக ஓடிய ஒய்டிஎம் 4 இன்ஜினின் பெயரில் உள்ள ஒய், மீட்டர் பாதைக்கு உரியது.

படி 2: நடைமேடைச் சீட்டு வாங்கி, மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நில்லுங்கள். தலைக்கு மேலே 25,000 வோல்ட் கம்பி செல்வதால் செல்ஃபி குச்சியை உயர்த்தவே கூடாது.

படி 3: சக்கரங்களைப் பாருங்கள். சாதாரண ஆல்கோ இன்ஜினான டபிள்யூடிஎம் 2, டபிள்யூடிஎம் 7 இரண்டிலும் ஒரு போகியில் (சக்கரங்களைத் தாங்கும் அடிச்சட்டத்தில்) மூன்று அச்சுகள் உண்டு. ஆனால் அவற்றின் இடைவெளிகள் சமமாக இல்லாமல், ஒன்று நெருங்கியும் மற்றொன்று விலகியும் இருக்கும். இது குடும்பத்தைக் காட்டுமே தவிர, ஆளைக் காட்டாது.

படி 4: காதைத் தீட்டுங்கள். நேரம் செலவிட வேண்டிய படி இதுதான். டபிள்யூடிஎம் 2இன் ஆல்கோ இயந்திரத்தில் 16 சிலிண்டர்கள், டபிள்யூடிஎம் 7இல் 12. நான்கு வீச்சு இயந்திரத்தில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை எரிவதால், முன்னதில் ஒரு சுற்றுக்கு எட்டு வெடிப்பும் பின்னதில் ஆறு வெடிப்பும் நிகழ்கின்றன. ஆகவே ஒரே வேகத்தில் சுழலும்போது டபிள்யூடிஎம் 7இன் துடிப்பு சற்றுத் தளர்ந்து ஒலிக்க வேண்டும். சும்மா நிற்கும் இன்ஜினைக் கண்மூடிக் கேட்டு முதலில் 16 சிலிண்டர் ஓசையை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். மற்றோர் அமெரிக்க நிறுவனமான இஎம்டியின் இரண்டு வீச்சு இன்ஜினின் இடைவிடாத முழக்கம் இதிலிருந்து முற்றிலும் வேறானது.

படி 5: புகையைக் கவனியுங்கள். லோகோ பைலட் நாட்சை (விசைக் கைப்பிடியின் படியை) ஏற்றியதும் எரிபொருள் உடனே கூடிவிடுகிறது. இயந்திரத்துக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவோ வேகம் பிடிக்கச் சற்று நேரம் எடுக்கிறது. காற்றுப் போதாத அந்தச் சில நொடிகளில்தான் ஆல்கோ கரும்புகையைக் கக்குகிறது. ரசிகர்கள் இதற்காகவே காத்திருப்பார்கள். பக்கத்தில் துணி உலர்த்தியவர்கள் ரசிக்க மாட்டார்கள்!

படி 6: எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 11001 முதல் 11015 வரை இருந்தால் மட்டுமே அது டபிள்யூடிஎம் 7. சென்னையில் ஒருமுறை ஓசையை மட்டும் நம்பி என் குறிப்பேட்டில் டபிள்யூடிஎம் 7 என்று மையால் எழுதிவிட்டேன். இன்ஜின் கடந்து செல்லும்போது கண்ட எண் 16இல் தொடங்கியது. அன்றிலிருந்து எண்ணைப் பார்க்கும் வரை பென்சிலால்தான் எழுதுகிறேன்.