ஜாக் வெப்பின் அசையாத முகத்தைப் பார்க்கும் முறை

'டிராக்நெட்' என்ற அமெரிக்கக் காவல்துறைத் தொடரை முதன்முறையாகப் பார்க்கிறவர்களில் பலர் பத்து நிமிடத்துக்குள் ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்: சார்ஜென்ட் ஜோ ஃபிரைடேயாக வரும் ஜாக் வெப்புக்கு நடிக்கத் தெரியவில்லை. பிணம் கிடக்கும் அறையானாலும், அழுகிற தாயின் எதிரிலானாலும், திருடனைக் கையும் களவுமாகப் பிடிக்கிற நேரமானாலும் அவர் இடித்த புளிபோல் ஒரே முகத்தோடு நிற்கிறார். அந்த முடிவு முழுக்கத் தவறு என்று சொல்ல நான் வரவில்லை. சில இடங்களில் அது சரியேதான். ஆனால் அந்த முகம் எங்கே வேலை செய்கிறது, எங்கே வெறும் விறைப்பாக நின்றுவிடுகிறது என்று பிரித்துப் பார்க்கப் பழகினால், தொடரும் சுவையாகும், அதைப் பற்றி எழுதுகிறவர்களுக்குச் சொல்வதற்கும் ஏதாவது கிடைக்கும்.

முதலில், எதைப் பார்ப்பது என்பதை முடிவு செய்துகொள்ள வேண்டும். தொடர் இரண்டு காலங்களில் ஒளிபரப்பானது. 1951 இறுதியில் தொடங்கி 1959 வரை கறுப்பு வெள்ளையில் வந்தது முதலாவது. 1967 முதல் 1970 வரை வண்ணத்தில் வந்தது இரண்டாவது. முதல் தொடர் தொடங்கியபோது 1920இல் பிறந்த வெப்புக்கு வயது 31. இரண்டாவது தொடங்கியபோது 46. பலருடைய நினைவில் இருக்கும் கல் முகம் அந்த இரண்டாவது தொடருக்குரியது. ஆகவே கறுப்பு வெள்ளை அத்தியாயங்களில் இரண்டையாவது முதலில் பாருங்கள். அவற்றில் பல பதிப்புரிமை நீங்கிப் பொதுச் சொத்தாகிவிட்டதால் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அங்கே இருக்கும் ஃபிரைடே இறுகிய மனிதராக அல்ல, தூக்கம் போதாத மனிதராகவே எனக்குத் தெரிகிறார். அதே முகம் பதினைந்து ஆண்டுகளில் எப்படிக் கெட்டிப்பட்டது என்பதை ஒப்பிட்டால்தான் புரியும்.

பார்க்க உட்காரும் முன் நகல்களை மறந்துவிடுவது நல்லது. 'உண்மை விவரம் மட்டும் போதும், அம்மா' என்ற பொருளில் ஃபிரைடேயின் முத்திரை வசனமாகப் பரவியிருக்கும் வாசகத்தை அதே சொற்களில் அவர் தொடரில் சொன்னதில்லை. 1953இல் நகைச்சுவைக் கலைஞர் ஸ்டான் ஃபிரீபெர்க் வெளியிட்ட பகடி இசைத்தட்டு வழியாக அது பரவியது. 1987இல் வந்த திரைப்படத்தில் ஃபிரைடேயின் உறவினராக டான் அய்க்ராய்ட் அந்த விறைப்பைச் சிரிப்புக்காக மிகைப்படுத்திக் காட்டினார். இந்த நகல்கள் கண்ணில் ஒட்டிக்கொண்டிருந்தால், அசல் முகத்தில் இருக்கும் சிறு அசைவுகள் எதுவும் நமக்குத் தென்படாது.

அடுத்து, அந்த முகம் எப்படிப் படமாக்கப்பட்டது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். இதில் கொஞ்சம் நேரம் செலவிடலாம். டிராக்நெட் 1949இல் வானொலித் தொடராகப் பிறந்தது. அதற்கு முந்தைய ஆண்டு ஒரு குற்றவியல் திரைப்படத்தில் தடயவியல் பணியாளராகச் சிறு வேடம் ஏற்றிருந்த வெப்புக்கு, அந்தப் படத்துக்கு ஆலோசகராக வந்த லாஸ் ஏஞ்சலஸ் துப்பறிவாளர் மார்ட்டி வின்னுடன் ஏற்பட்ட பழக்கமே தொடருக்கு வித்து. நிஜத் துப்பறிவாளர்கள் கொலையைப் பற்றியும் ஏற்ற இறக்கமில்லாத குரலில் பேசுவதை வெப் கவனித்தார். வானொலியில் நடிகர் தாளைப் பார்த்துப் படிப்பார், முகத்துக்கு அங்கே வேலை இல்லை. தொலைக்காட்சிக்கு மாறியபோது வெப் அந்தப் பழக்கத்தைக் கைவிடாமல், வசனம் ஓடும் டெலிபிராம்ப்டரைப் படப்பிடிப்புத் தளத்துக்குக் கொண்டுவந்தார். வசனத்தை மனப்பாடம் செய்து மெருகேற்றிவிட்டால் நடிகர்கள் 'நடிக்க' ஆரம்பித்துவிடுவார்கள் என்பது அவர் கவலை. ஆகவே அவரும் மற்றவர்களும் பெரும்பாலும் பார்த்தே படித்தார்கள். அத்தோடு, நெற்றியும் முகவாயும் திரையின் விளிம்பைத் தொடும் குளோசப்களையே அவர் விரும்பினார். அன்றைய வீட்டுத் தொலைக்காட்சியின் சிறு திரைக்கு அது பொருத்தமான தேர்வும்கூட. தொடரின் பெரும்பாலான அத்தியாயங்களை இயக்கியவரும் அவரே என்பதால், அந்த முகத்தை ஒரு நடிகரின் குறைபாடு என்பதைவிட ஓர் இயக்குநரின் ஏற்பாடு என்று எடுத்துக்கொள்வதே பொருத்தம்.

இப்போது ஒலியை நிறுத்திவிட்டு ஒரு விசாரணைக் காட்சியைப் பாருங்கள். வாயைப் பார்க்க வேண்டாம். வசனம் வரும்போது அது திறக்கும், முடிந்ததும் மூடும், அவ்வளவுதான். புருவங்களுக்கு நடுவே விழும் மடிப்பையும், கீழ் இமையையும், தாடையின் ஓரத்தையும் பாருங்கள். எதிராளி பொய் சொல்கிறார் என்று ஃபிரைடேக்குத் தோன்றுகிற இடத்தில் வெப் புருவத்தை உயர்த்துவதில்லை, இமைப்பதைக் குறைத்துக்கொள்கிறார். சில இடங்களில் பார்வை எதிராளியின் முகத்தில் படாமல் சற்றுத் தள்ளி நிற்பதுபோலத் தோன்றும். அதற்கு டெலிபிராம்ப்டரும் காரணமாக இருக்கலாம், அதை மறைத்துப் பேசுவதில் பொருளில்லை; ஆனால் ஆளைப் பார்க்காமல் ஆளின் வாக்குமூலத்தைப் பார்க்கிற ஒரு காவலரின் பார்வையாகவும் அது வந்து சேர்ந்துவிடுகிறது. பிறகு ஒலியைத் திரும்ப வைத்து அதே காட்சியைப் பாருங்கள். வேகமும், சலிப்பும், எரிச்சலும் குரலில்தான் இருக்கின்றன என்பது தெரியவரும்.

இதற்கு மிக நல்ல பயிற்சிக் களம், 1967 ஜனவரியில் வண்ணத் தொடரின் முதல் அத்தியாயமாக வந்த, எல்.எஸ்.டி. என்ற போதைப்பொருளைப் பற்றிய கதை. பூங்காவில் ஓர் இளைஞன் தலையை மண்ணுக்குள் புதைத்துக்கொண்டு கிடக்கிறான். ஃபிரைடேயும் அவருடைய கூட்டாளியும் அவனைத் தூக்கி நிறுத்தும்போது, முகத்தில் ஒரு பாதி நீலமாகவும் மறு பாதி மஞ்சளாகவும் பூசப்பட்டிருக்கிறது. அவன் கண்கள் எங்கெங்கோ ஓடுகின்றன. நிறங்களைப் பற்றி ஏதேதோ உளறுகிறான். மைக்கேல் பர்ன்ஸ் அந்த வேடத்தில் முகத்தில் உள்ள ஒவ்வொரு தசைக்கும் வேலை கொடுக்கிறார். அந்த முகத்தை அடுத்து வெப்பின் முகம் வருகிறது: அதிர்ச்சி இல்லை, அருவருப்பு இல்லை, பரிவும் இல்லை. இன்று பார்க்கிறவர்கள் இந்த இடத்தில் சிரித்துவிடுகிறார்கள், நானும் சிரித்திருக்கிறேன். ஆனால் வெப்பும் அங்கே திகைத்து வாய் பிளந்திருந்தால் காட்சி இரட்டைக் கூத்தாகியிருக்கும். ஒன்று ஆடுவதற்கு மற்றது நிற்க வேண்டியிருக்கிறது.

அந்தக் காட்சியிலிருந்து படத்தொகுப்பைக் கவனிக்கத் தொடங்குவது எளிது. சோவியத் இயக்குநர் லெவ் குலெஷோவ், நடிகர் ஒருவரின் சலனமற்ற முகத்தை ஒரு கிண்ணம் சூப்புக்கும் ஒரு சவப்பெட்டிக்கும் அடுத்து ஒட்டிக் காட்டியபோது, பார்த்தவர்கள் அதே முகத்தில் ஒருமுறை பசியையும் மறுமுறை துயரத்தையும் கண்டார்கள் என்று திரைப்பட மாணவர்களுக்குச் சொல்லித்தருவது வழக்கம். டிராக்நெட்டில் அந்த வித்தை வாரந்தோறும் நடந்தது. ஃபிரைடேயின் முகம் திரைக்கு வரும் ஒவ்வொரு முறையும் காட்சியை நிறுத்தி, அதற்கு முன்னால் வந்த முகம் யாருடையது, கடைசியாகக் கேட்ட சொல் எது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரே முகத்தைப் பற்றி நீங்களே 'கோபம்', 'இரக்கம்', 'நம்பாமை' என்று வெவ்வேறாக எழுதியிருப்பதைக் காண்பீர்கள்.

ஒப்பீடும் உதவும். வண்ணத் தொடரில் பில் கேனனாக வரும் ஹாரி மோர்கன் சமையல் குறிப்பையும் உடம்புக் கோளாறுகளையும் பற்றி ஓயாமல் பேசுவார். அந்த நேரங்களில் வெப்பின் உதட்டோரம் மட்டும் ஒரு நூலளவு இளகும். அவருக்கு வேறு முகம் இருந்ததா என்று ஐயுறுகிறவர்கள் 1950இல் வெளிவந்த 'சன்செட் பூலவார்ட்' திரைப்படத்தைப் பார்க்கலாம். அதில் கதாநாயகனின் நண்பராக, கலகலவென்று சிரித்துப் பேசித் திரியும் இளைஞராக அவர் வருகிறார். 1968இல் ஜானி கார்சனின் தொலைக்காட்சி உரையாடல் நிகழ்ச்சியில், நாக்குப் பிறழ வைக்கும் ககர வரிசைச் சொற்களால் கட்டிய திருட்டு விசாரணை ஒன்றை இருவரும் நடித்தபோது, வெப் ஃபிரைடேயின் முகத்தையே நகைச்சுவைக் கருவியாக்கினார். சிரிக்கத் தெரியாதவரால் அதைச் செய்திருக்க முடியாது.

இனி, அந்த முகம் தோற்கும் இடத்துக்கு வரலாம். கேட்கும்போது வேலை செய்கிற முகம், உபதேசம் செய்யும்போது வேலை செய்வதில்லை. வண்ணத் தொடரில், லாஸ் ஏஞ்சலஸ் காவல்துறையின் சார்பில் இளைஞர்களுக்குப் பாடம் எடுக்கும் நீண்ட உரைகளை வெப் அடிக்கடி பேசுகிறார். காவலர் ஒருவரின் வாழ்க்கை எப்படிப்பட்டது என்று விளக்கும் உரை அவற்றுள் பெயர்பெற்றது. எழுத்தில் பார்த்தால் உருக்கமானது. ஆனால் அதைப் பேசும் முகம் எதையும் கேட்கவில்லை, எதையும் எடைபோடவில்லை, எதிரில் இருப்பவரின் பதிலுக்காகக் காத்திருக்கவும் இல்லை. அங்கே விறைப்பு வெறும் விறைப்புதான். எந்தக் காட்சியிலும் ஃபிரைடே கேள்வி கேட்கிறாரா, தீர்ப்புச் சொல்கிறாரா என்பதை முதலில் பாருங்கள். பெரும்பாலும் அதிலேயே விடை கிடைத்துவிடும்.

விமரிசனம் எழுதுகிறவர்கள் 'மரக்கட்டை நடிப்பு' என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்திக்கொள்ளாமல், எந்த அத்தியாயத்தில், எந்தக் கேள்விக்குப் பிறகு, முகத்தின் எந்தப் பகுதி அசையாமல் இருந்தது, அதற்கு அடுத்து யாருடைய முகம் வந்தது என்று எழுதிப் பாருங்கள். ஒரே நாளில் ஐந்தாறு அத்தியாயங்களை அடுக்கிப் பார்க்க வேண்டாம். இது வாரத்துக்கு அரை மணி நேரம் என்ற அளவில் பார்ப்பதற்காக எடுக்கப்பட்ட தொடர். தொடர்ந்து பார்த்தால் மூன்றாவது அத்தியாயத்திலேயே கண் சலித்து, கீழ் இமையின் அசைவு எதுவும் பிடிபடாமல் போய்விடும்.