மூன்று ஏஏ பேட்டரியில் ஆண்டுக்கணக்கில் ஓட: ஏடிமெகா328பி சிப்பைத் தூங்க வைக்கும் முறை

சிறு மின்னணுக் கருவிகள் செய்யப் பயன்படும் ஆர்டுயினோ ஊனோ போர்டு சும்மா இருக்கும்போதே சுமார் 45 மில்லிஆம்ப் இழுக்கும். 2000 மில்லிஆம்ப்-மணி கொள்ளளவுள்ள பேட்டரி அதற்கு இரண்டு நாள்கூடத் தாங்காது. ஆனால் அதே போர்டில் இருக்கும் ஏடிமெகா328பி என்ற கட்டுப்பாட்டுச் சிப்பைப் பவர்-டவுன் என்ற ஆழ்ந்த தூக்க நிலையில் வைத்தால், குறித்த நேரத்தில் அதை எழுப்பும் வாட்ச்டாக் டைமர் ஓடிக்கொண்டிருந்தாலும், 3 வோல்ட்டில் 4 முதல் 5 மைக்ரோஆம்ப்தான் எடுக்கும். பத்தாயிரம் மடங்கு வித்தியாசம்! அதை அப்படியே கையில் பிடிக்க, போர்டு, நிரல், சென்சார் என்று ஒவ்வொன்றாகச் சரிசெய்ய வேண்டும். நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலை எடுக்கும் கருவியை வைத்துப் பார்ப்போம். ரேடியோ சேர்த்தால் அதன் கணக்கு தனி.

தேவையானவை: 3.3 வோல்ட், 8 மெகாஹெர்ட்ஸ் ப்ரோ மினி போர்டு (அதே சிப் உள்ள சிறிய ஆர்டுயினோ), டிஎஸ்18பி20 வெப்பநிலை சென்சார், 4.7 கிலோஓம் ரெசிஸ்டர், மூன்று ஏஏ அல்கலைன் பேட்டரி. ஊனோ வேண்டாம். அதன் யூஎஸ்பி சிப்பும், மின்னழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டரும் தூங்குவதில்லை.

போர்டில் முதல் வேலை, பவர் எல்இடியைக் கழற்றுவது. அது ஒன்றே சில மில்லிஆம்ப் தின்னும். சிப் எவ்வளவு ஆழமாகத் தூங்கினாலும் அந்த விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும். அடுத்து ரெகுலேட்டரையும் எடுத்துவிட்டு, பேட்டரியை நேராக விசிசி என்ற மின்சாரப் பின்னில் கொடுங்கள். 4.5 வோல்ட் இந்தச் சிப்புக்கும் சென்சாருக்கும் பாதுகாப்பானது, இரண்டுமே 5.5 வோல்ட் வரை தாங்கும். இரண்டு பேட்டரி போதாதா என்றால், போதாது. சென்சாருக்குக் குறைந்தது 3 வோல்ட் வேண்டும். போதாததற்கு, இந்தப் போர்டில் மின்னழுத்தம் சரிந்தால் சிப்பை ரீசெட் செய்யும் பிரவுன்-அவுட் காவல் வழக்கமாக 2.7 வோல்ட்டில் அமைக்கப்பட்டிருக்கும். இரண்டு பேட்டரி போட்டால் ஒவ்வொன்றும் 1.35 வோல்ட்டுக்கு இறங்கியதுமே கருவி நின்றுவிடும், பேட்டரியில் பெரும்பகுதி மிச்சம் இருக்கும்போதே.

நிரலில் வரிசைதான் முக்கியம். முதலில் ஏடிசிஎஸ்ஆர்ஏ ரெஜிஸ்டரில் (சிப் தன் அமைப்புகளை வைத்திருக்கும் இடம்) 0 எழுதி, மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் ஏடிசியை அணையுங்கள். அதன் பிறகுதான், பயன்படாத பகுதிகளின் கிளாக்கை நிறுத்தும் பவர் ரிடக்‌ஷன் ரெஜிஸ்டரைத் தொட வேண்டும். மாற்றிச் செய்தால் ஏடிசி இயங்கும் நிலையிலேயே உறைந்துபோய், தூக்கத்திலும் சில நூறு மைக்ரோஆம்ப் இழுக்கும். சீரியலில் (கணினிக்குத் தரவு போகும் வழியில்) ஏதாவது அனுப்பியிருந்தால், தூங்கும் முன் ஃப்ளஷ் கொடுத்து முழுக்கப் போய்ச் சேரவிடுங்கள். இல்லையென்றால் கிளாக் நடுவில் நின்று, மறுமுனையில் குப்பை எழுத்துகள் வரும்.

பிறகு வாட்ச்டாக். அதன் உச்சவரம்பு 8 விநாடி. ஒரு நிமிடத்துக்கு 8 விநாடித் தூக்கம் ஏழும், 4 விநாடித் தூக்கம் ஒன்றும் எடுக்கலாம். அமைப்பை மாற்ற, வாட்ச்டாக் ரெஜிஸ்டரின் டபிள்யூடிசிஇ, டபிள்யூடிஇ பிட்கள் இரண்டையும் ஒன்றாக 1 ஆக்கி, அடுத்த 4 கிளாக்குக்குள் புதிய மதிப்பை எழுத வேண்டும். அந்த மதிப்பில் நேரத்துக்கான பிட்களோடு, இன்டரப்ட் (சிப்பை இடைமறித்து எழுப்பும் சமிக்ஞை) பிட்டான டபிள்யூடிஐஇ மட்டும் இருக்கட்டும். டபிள்யூடிஇ இருந்தால் சிப் ரீசெட் ஆகத் தொடங்கும். இன்டரப்ட் ஃபங்ஷன் காலியாக இருந்தாலும் பரவாயில்லை, ஆனால் இருந்தே ஆக வேண்டும். எழுத மறந்தால் ஒவ்வொரு விழிப்பிலும் நிரல் முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

கடைசி ஐந்து வரிகளை இதே வரிசையில், இடையில் எதையும் நுழைக்காமல் எழுதுங்கள்: சிஎல்ஐ (இன்டரப்ட்டைத் தடுப்பது), ஸ்லீப் எனேபிள், ஸ்லீப் பிஓடி டிஸேபிள், எஸ்இஐ (இன்டரப்ட்டை மறுபடி அனுமதிப்பது), ஸ்லீப் சிபியு. பிரவுன்-அவுட் காவலை அணைக்கும் கட்டளை 3 கிளாக்குக்கு மட்டுமே செல்லும். அதற்குள் தூங்காவிட்டால் காவல் மறுபடி விழித்துக்கொள்ளும். எஸ்இஐக்கு அடுத்த கட்டளை முடியும்வரை எந்த இன்டரப்ட்டும் உள்ளே வராது என்பது ஏடிமெகா328பி சேர்ந்த ஏவிஆர் குடும்பச் சிப்புகளின் விதி. அதனால்தான் இந்த வரிசையில், தூங்குவதற்குக் கண நேரம் முன்பாக இன்டரப்ட் வந்து போய், எழுப்ப ஆளில்லாமல் சிப் தூங்கிப்போகும் ஆபத்து இல்லை. எழுந்ததும் ஸ்லீப் டிஸேபிள் கொடுத்துவிடுங்கள்.

பலர் கோட்டைவிடுவது விழித்திருக்கும் நேரத்தில்தான். டிஎஸ்18பி20 12 பிட் துல்லியத்தில் அளக்க 750 மில்லிவிநாடி வரை எடுக்கும். சென்சாருக்கான வழக்கமான லைப்ரரி (தயார் நிரல்) அவ்வளவு நேரமும் சிப்பை விழிக்க வைத்துக் காத்திருக்கும். 5 மில்லிஆம்ப், முக்கால் விநாடி, நிமிடத்துக்கு ஒருமுறை: சராசரி 62 மைக்ரோஆம்ப் கூடுகிறது. தூக்கத்தில் சேமித்ததெல்லாம் இங்கே போய்விடும். லைப்ரரியில் காத்திருப்பு அமைப்பை அணைத்துவிட்டு, அளவைத் தொடங்கும் கட்டளை கொடுத்ததும் வாட்ச்டாக்கை 1 விநாடிக்கு வைத்துச் சிப்பையும் தூங்க வையுங்கள். எழுந்து முடிவைப் படியுங்கள். சென்சாருக்குத் தனி மின்சாரக் கம்பி தரும் மூன்று கம்பி இணைப்பில் இதைச் செய்யுங்கள். அரை டிகிரி துல்லியம் போதுமென்றால் 9 பிட் வையுங்கள், 94 மில்லிவிநாடியில் வேலை முடியும். 12 பிட்டிலேயே இப்படித் தூங்கினால் மொத்தச் சராசரி 20 மைக்ரோஆம்பை ஒட்டி நிற்கும், கணக்குப்படி 11 ஆண்டு. காத்திருந்தால் மூன்று ஆண்டுதான்.

தூக்கத்தில், நேரத்தை எண்ணும் மில்லிஸ் நின்றுவிடும், எழுந்த எண்ணிக்கையை நீங்களேதான் வைத்துக்கொள்ள வேண்டும். வாட்ச்டாக்கின் உள் கடிகாரமும் வெப்பத்துக்கும் மின்னழுத்தத்துக்கும் ஏற்ப விலகும். சரியான நேரம் தேவையென்றால் டிஎஸ்3231 போன்ற கடிகாரச் சிப்பின் அலாரத்தால் எழுப்புங்கள்.

அளக்கும்போது யூஎஸ்பி-சீரியல் கம்பியைக் கழற்றிவிடுங்கள். தரவைப் பெறும் ஆர்எக்ஸ் பின் வழியாக அது மின்சாரம் ஊட்டி அளவைக் கெடுக்கும். மீட்டரை மைக்ரோஆம்ப் வரிசையில் வைத்தே இயக்கத் தொடங்கினால், அதன் உள்தடையில் மின்னழுத்தம் சரிந்து சிப் ரீசெட் ஆகிக்கொண்டே இருக்கும். மீட்டருக்குக் குறுக்கே ஒரு ஜம்பர் போட்டு, சிப் தூங்கியதும் எடுங்கள். எழுவதற்குள் திரும்பப் போடுங்கள்.

தூக்கத்தில் 5 முதல் 8 மைக்ரோஆம்ப் காட்டினால் சரி. 25 காட்டினால் பிரவுன்-அவுட் காவல் அணையவில்லை. 100 முதல் 200 என்றால், புல்-அப் (பின்னை விசிசியோடு இணைக்கும் உள்தடை) போட்ட ஏதோ ஒரு பின் சுவிட்ச் வழியே கிரவுண்டைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. சில நூறு என்றால் ஏடிசி. 1 மில்லிஆம்பை நெருங்கினால், தூங்கும் முன் எல்லாப் பின்களையும் அவுட்புட் லோ ஆக்கியிருப்பீர்கள்: சென்சாரின் டேட்டா பின்னும் அதில் சேர்ந்து, அதை விசிசியோடு இணைக்கும் 4.7 கிலோஓம் ரெசிஸ்டர் வழியாக 4.5 வோல்ட் ஒழுகுகிறது. அந்தப் பின்னை மட்டும் இன்புட்டாக விட்டுவிடுங்கள்.