கை குலுக்க வைத்தால் சண்டை தீர்ந்துவிடுமா?

கோவைப் பக்கம் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் சில வருடம் சூப்பர்வைசராக இருந்தேன். ஒரே மெஷினில் காலை ஷிஃப்டுக்கு ஒருவர், மதிய ஷிஃப்டுக்கு ஒருவர். தினமும் 2 மணிக்குச் சண்டை. "இரும்புச் சுருளை அள்ளாம அப்படியே போட்டுட்டுப் போறான், அவன் குப்பையை நான் அள்ளணுமா?" என்பார் மதியக்காரர். "வந்ததும் வராததுமா குறை சொல்றதே அவருக்குப் பொழப்பு" என்பார் காலைக்காரர். ஒரு நாள் ஸ்பேனரைத் தூக்கும் அளவுக்குப் போய்விட்டது. இருவரையும் கூப்பிட்டு, ஆளுக்கொரு டீ சொல்லி, "ரெண்டு பேரும் குடும்பஸ்தங்க, இதெல்லாம் தேவையா? கை கொடுத்துக்கோங்க" என்றேன். கொடுத்தார்கள். மேனேஜரிடம் பெருமையாகச் சொல்லியும் விட்டேன். நான்காம் நாள் பழையபடி ஆரம்பித்தது.

விஷயம் ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. சரியாக 2 மணி வரை ஓடிய பீஸ்தான் காலை ஷிஃப்டின் கணக்கு, இன்சென்டிவும் அதை வைத்துத்தான். சுத்தம் செய்யப் பத்து நிமிடம் மெஷினை நிறுத்தினால் காலைக்காரர் பணம் போகும். வந்ததும் சுத்தம் செய்தால் மதியக்காரர் பணம் போகும். யார் அள்ளினாலும் தன் காசில்தான் அள்ள வேண்டும். அந்த ஏற்பாட்டைச் செய்தது கம்பெனி, அடித்துக்கொண்டது இவர்கள். ஷிஃப்டுக்குப் பத்து நிமிடத்தை டார்கெட்டிலிருந்து கழித்ததும் சத்தம் நின்றது. அதற்கப்புறமும் இருவருக்கும் ஒருவரையொருவர் பிடிக்காதுதான். அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

எல்லாத் தகராறையும் ஆளின் குணத்தில் கொண்டுபோய் முடிச்சுப் போடுவதுதான், நான் பார்த்தவரை, முதல் தவறு. நான் லேட்டாக வந்தால் பஸ் வரவில்லை, அவர் லேட்டாக வந்தால் சோம்பேறி. இந்தச் சறுக்கலுக்குச் சமூக உளவியலாளர் லீ ராஸ் 1977இல் ஒரு பெயரே வைத்தார், அடிப்படைக் கற்பிதப் பிழை என்று. பெயர் கிடக்கட்டும். "அவன் ஏன் இப்படி?" என்று கேட்கும் முன், அந்த இடத்தில் வேறு யாரை உட்கார வைத்தாலும் இதே சண்டை வருமா என்று யோசித்துப் பாருங்கள். வரும் என்றால், ஆளை மாற்றிப் பிரயோஜனம் இல்லை.

அடுத்தது, ஆளுக்குப் பாதி என்று பிரித்துவிடுவது. நம் பஞ்சாயத்துகளில் இது பெரிய நியாயமாகப் பெயர் வாங்கியிருக்கிறது. அமெரிக்காவில் நிர்வாகம் பற்றி நிறைய யோசித்த மேரி பார்க்கர் ஃபாலெட் 1925இல் தன் அனுபவம் ஒன்றைச் சொன்னார். ஹார்வர்டு நூலகத்தின் சின்ன அறை ஒன்றில் ஒருவருக்கு ஜன்னல் திறந்திருக்க வேண்டும், இவருக்கு மூடியிருக்க வேண்டும். பாதி திறந்து வைத்திருந்தால் இரண்டு பேருக்கும் திருப்தி இருந்திருக்காது. அவருக்கு வேண்டியது காற்று. இவருக்கு வேண்டியது வாடைக் காற்று நேரே மேலே படாமல் இருப்பது. பக்கத்து அறை ஜன்னலைத் திறந்தார்கள், முடிந்தது. இருவரும் கேட்டது ஜன்னலைப் பற்றி, தேவைப்பட்டதோ வேறு. "உனக்கு என்ன வேணும்?" என்பதோடு நிறுத்தாமல் "அது எதுக்கு வேணும்?" என்றும் கேட்டால் பாதித் தகராறுகளில் இன்னொரு ஜன்னல் தென்படும்.

வாட்ஸ்அப் குரூப்பில் பதில் சொல்வதைப் பற்றி ஒரு வரி போதும்: எண்பது பேர் பார்க்கும்போது யாரும் இறங்கி வர மாட்டார்கள். அடுக்குமாடியில் மேல்வீட்டு பாத்ரூம் தண்ணீர் கீழ்வீட்டுக் கூரையில் ஒழுகினால், முதலில் படியேறிப் போய்க் கதவைத் தட்டுங்கள். எடுத்த எடுப்பிலேயே வக்கீல் நோட்டீஸ் அனுப்பினால், பேச நினைத்தவரும் வக்கீலைத் தேடிப் போய்விடுவார். கோர்ட்டுக்குப் போன பிறகும் வழி அடைபடுவதில்லை. சென்னை உயர் நீதிமன்றத்தில் 2005 முதல் சமரச மையம் இருக்கிறது. லோக் அதாலத்தில், அதாவது மக்கள் நீதிமன்றத்தில், வழக்கு முடிந்தால் கட்டிய கோர்ட் ஃபீஸ் திரும்பக் கிடைக்கும். ஆனால் அங்கே ஒப்புக்கொண்டதற்கு மேல்முறையீடு கிடையாது, யோசித்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

கூட்டங்களுக்கு இடையே பகை வந்தால் நாம் உடனே செய்வது, எல்லோரையும் ஒரே பந்தியில் உட்கார வைப்பது. 1954இல் ஓக்லஹோமாவில் முசாஃபர் ஷெரீஃப் ஒரு கோடை முகாமில் 22 சிறுவர்களை இரண்டு அணியாகப் பிரித்து, போட்டி வைத்து, பகையாளிகளாக்கினார். அப்புறம் ஒன்றாகச் சாப்பிட விட்டார். பையன்கள் சாப்பாட்டை ஒருவர் மேல் ஒருவர் எறிந்தார்கள். முகாமுக்கு வந்த தண்ணீர் நின்றுபோய், இரு அணியும் சேர்ந்து சரிசெய்தாக வேண்டும் என்ற மாதிரி நிலைமைகள் அடுத்தடுத்து வந்தபோதுதான் பகை இறங்கியது. (முந்தின வருடம் இதே சோதனையை வேறொரு முகாமில் நடத்தப் பார்த்தார். அந்தப் பையன்கள் சண்டை போடவே மறுத்துவிட்டார்கள். எனக்கென்னவோ அவர்களைத்தான் ரொம்பப் பிடிக்கும்.) அலுவலகத்தில் விற்பனைப் பிரிவுக்கும் கணக்குப் பிரிவுக்கும் ஆகவில்லை என்றால் ஏற்காடு டூர் உதவாது. இரண்டு பேரும் சேராமல் முடியாத ஒரு வேலையைக் கொடுங்கள்.

கடைசியாக ஒன்று, என்னைப் பொறுத்தவரை இருப்பதிலேயே மோசமானது. எதற்கெடுத்தாலும் 'இரு தரப்பு' என்று எழுதிவிடுவது. பட்டியல் சாதியினரைக் கோயிலுக்குள் விட மறுத்தால், அதை இரு தரப்பு மோதல் என்று சொல்லிச் சமாதானக் கூட்டம் போடுகிறோம். ஒருவர் உரிமையைக் கேட்கிறார், இன்னொருவர் அதைத் தடுக்கிறார், இதில் ஆளுக்குப் பாதி என்று எதைப் பிரிப்பது? வேலையிடத்தில் ஒரு பெண் பாலியல் தொல்லை பற்றிச் சொன்னாலும் இதே கதைதான், "உங்க ரெண்டு பேருக்குள்ள என்ன பிரச்சினை?" என்று ஆரம்பிப்பார்கள். 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார் குழு இருக்க வேண்டும். அந்தப் பெண்ணே கேட்டால்தான் குழு சமரசத்துக்கு முயலலாம், அதிலும் பணம் கொடுத்து முடிக்கக் கூடாது. புகார் கொடுக்கச் சம்பவம் நடந்த நாளிலிருந்து 3 மாதம்தான் அவகாசம். தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னும் 3 மாதம் நீட்டிக்கலாம். "பொறும்மா, பேசிப் பார்ப்போம்" என்று பெரியவர்கள் இழுப்பதில் அந்த நாட்கள்தான் கரைகின்றன.