விளக்குப் புகை படிந்த வால்பேப்பரைச் சுத்தம் செய்யும் முறை

தீபாவளிக்கு வீட்டைத் துடைக்கத் தொடங்கினால், சாமி மேடைக்குப் பின்னால் இருக்கும் சுவர்தான் மலைக்க வைக்கும். தினமும் நல்லெண்ணெய் விளக்கு, வெள்ளிக்கிழமை சாம்பிராணி, கற்பூரம். ஒரே வருடத்தில் வால்பேப்பரில் சாம்பல் நிறப் படலம் ஏறிவிடுகிறது. பினாங்கில் என் வீட்டில் முதல் வருடம் ஈரத்துணியால் அழுத்தித் தேய்த்தேன். உள்ளங்கை அளவு இருந்த கறை, முழங்கை நீளத்துக்குக் கருப்பாக இழுபட்டுவிட்டது. கரித்தூளோடு எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்திருப்பதால் ஈரம் பட்டதும் குழைந்து பரவுகிறது. ஆகவே கரியை எடுத்து முடிக்கும்வரை தண்ணீரைத் தொடாதீர்கள்.

படி 1: தாளின் வகையை அறியுங்கள்

மீந்த சுருள் இருந்தால் அதன் லேபிளில் அலைக்கோடு இருக்கும். ஓர் அலை என்றால் ஈரப் பஞ்சால் லேசாக ஒற்றலாம். மூன்று அலை என்றால் நன்றாகவே கழுவலாம். சுருள் இல்லையா? அலமாரிக்குப் பின்னால் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பாருங்கள். முத்துப்போல் நின்றால் பெரும்பாலும் வினைல், அதாவது பிளாஸ்டிக் பூச்சுள்ள தாள். உறிஞ்சிக்கொண்டு நிறம் மாறினால் காகிதம் அல்லது துணி. அதற்கு இரண்டாம் படியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

படி 2: கரியை உலர்வாக எடுங்கள்

விளக்கை அணைத்து, சாமி படங்களை இறக்கி வையுங்கள். கரி இல்லாத பகுதிகளில் துடைப்பத்தின் முனையில் பழைய பருத்தித் துணியைச் சுற்றி, மேலிருந்து கீழாகத் தூசி தட்டுங்கள்.

கரிக்கு என் கைக்கு வசப்பட்டது ரொட்டிதான். நம் ஊர் ரொட்டி பெங்காலி என்ற மெத்தென்ற வெள்ளை ரொட்டியின் நடுப்பகுதியைக் கிள்ளி, மேலோடு இல்லாமல் எலுமிச்சை அளவு உருண்டையாகப் பிடியுங்கள். வெண்ணெயோ, காயா என்ற தேங்காய்ப்பால் ஜாமோ பட்டிருக்கக் கூடாது. அதைச் சுவரில் ஒற்றி ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். நான்கைந்து முறை ஒற்றியதும் உருண்டையின் முகம் கறுத்துவிடும். பிசைந்து வெள்ளைப் பக்கத்தை வெளியே திருப்புங்கள். முழுவதும் கறுத்ததும் புதிய துண்டு. விளிம்பிலிருந்து நடுவை நோக்கி வந்தால் கறை பெரிதாகாது. பொறுமை வேண்டிய வேலை. ஆனால் தாளின் பூ வேலைப்பாடு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வருவதைப் பார்க்கும்போது கை வலி தெரியாது. முடிந்ததும் துகள்களை ஒன்றுவிடாமல் தட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் எறும்பு வரும்.

மாவால் வால்பேப்பர் துடைப்பது பழைய வழக்கம். குழந்தைகள் விளையாடும் பிளே-டோ, 1956-இல் விளையாட்டுப் பொருளாக விற்பனைக்கு வரும் முன்பு, அமெரிக்காவில் நிலக்கரிப் புகை படிந்த வால்பேப்பரைத் துடைக்கும் மாவாகத்தான் இருந்தது. வண்ணம் சேர்த்த இன்றைய மாவைச் சுவரில் வைக்காதீர்கள், சாயம் ஒட்டும்.

படி 3: வினைல் தாளுக்கு மட்டும் ஈரத் துடைப்பு

2 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு தேக்கரண்டி போதும். சொட்டாத அளவுக்குத் துணியைப் பிழிந்து, கீழிருந்து மேலாகத் துடையுங்கள். மேலிருந்து தொடங்கினால் அழுக்குத் தண்ணீர் வறண்ட தாளில் வழிந்து கோடு போட்டுவிடும். தாள்கள் சேரும் இடத்தில் குறுக்கே தேய்த்தால் விளிம்பு கிளம்பும், நீளவாக்கில் போங்கள். பிறகு வெறும் தண்ணீரில் பிழிந்த துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றிவிடுங்கள்.

படி 4: காய வையுங்கள்

தீபாவளி சமயம் இங்கே மழைக்காலம். சன்னலைத் திறந்துவைத்தால் ஈரக்காற்றுதான் உள்ளே வரும். சன்னலை மூடி, மின்விசிறியைச் சுவர்ப் பக்கம் திருப்பி, தொட்டால் குளிர்ச்சி தெரியாதவரை ஓடவிடுங்கள்.

கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் அது கரியில்லை, பூஞ்சணம். வினைலின் மேற்பரப்பில் மட்டும் இருந்தால், வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து துடைக்கலாம். அதோடு பிளீச் சேர்க்கவே கூடாது. நச்சு வாயு கிளம்பும். துடைத்த சில நாளில் திரும்ப வந்தாலோ, தாள் உப்பி நின்றாலோ, பூஞ்சணம் பின்பக்கம் இருக்கிறது. குளிர்சாதனம் ஓடும் அறைகளில் இது அடிக்கடி நடக்கும். அப்போது அந்தப் பகுதித் தாளை உரித்து, சுவரின் கசிவைச் சரிசெய்து, நன்றாகக் காய்ந்த பிறகுதான் புதுத் தாள் ஒட்ட வேண்டும்.